பதினான்காம் இலக்க அறை

கடந்த மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்குப் பிரியாவிடைக் காலை உணவு தந்தார்கள். மேசையில் வட்டப் பாண்கள், பட்டர், சீஸ், ஒரு சாடி நிறைய மஞ்சள் பூ. எல்லாரும் சாப்பிட்டு முடிய, என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை செய்த மெத்த என்ற இளம் பெண் கேட்டாள்: "ரெஜினா, இந்த இருபத்திரண்டு வருடத்தில் உனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது எது?"

"பூஞ்சணம்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். குளியலறைச் சுவரில் பூஞ்சணம் பிடிப்பதைப் பற்றி நான் முறையிடாத கிழமை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்போடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன். டெனிஷ் மொழியில் எனக்கு வேலை செய்யவும் வரும், சண்டை பிடிக்கவும் வரும். இந்தக் கதையைச் சொல்ல வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக நகரம். பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. பெயரைச் சொல்லவில்லை, இதில் வருகிற சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வெளிநாடுகளிலிருந்து ஆராய்ச்சிக்கு வருபவர்கள் தங்குவதற்கு அங்கே ஒரு விடுதி உண்டு. மூன்று மாடி, முப்பத்தெட்டு அறை. அதன் பராமரிப்பாளர் நான். மன்னாரிலிருந்து கணவரோடு அகதியாக வந்து, ஸ்கீவ என்ற ஊரில் குடியேற்றப்பட்டு, மொழி படித்து, மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மீன் வெட்டி, மணிக்கட்டு பழுதாகி, துப்புரவு வேலைக்கு மாறி, அதிலிருந்து இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தேன். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஹோர்சன்ஸில் குடும்பமாக இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். கணவர் இறந்து பல வருடம்.

ஒருவர் வந்து இறங்கினால் முதலில் சாவி. வாசலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒன்று. பிறகு அவரோடு அறைக்குப் போய், சுவரில் எங்கே கீறல், கதிரையில் எந்தக் கால் ஆடுகிறது என்றெல்லாம் ஒரு படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வைப்போம். ஹீட்டர் குமிழை மூன்றில் வைக்கவேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம் யன்னலைத் திறந்துவிடவேண்டும், எவ்வளவு குளிர் என்றாலும். கடைசியாகத் தபால்பெட்டியில் பெயர் ஒட்டவேண்டும். பெயர் இல்லாத பெட்டிக்குள் இங்கே தபால்காரர் கடிதம் போடமாட்டார்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் பிர்கித்த, என் மேலாளர். உயரமான பெண், நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார். எதையும் முதலில் பென்சிலால் எழுதுவார். ஒரு கிழமை கழிந்தும் சரி என்று பட்டால்தான் பேனாவால் எழுதுவார். என் பிழைகளைச் சத்தம் போட்டுச் சொன்னதே இல்லை. கோப்பி ஊற்றி வைத்தார் என்றால் பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

முதல் வருடத்திலேயே அப்படி ஒரு கோப்பி குடித்தேன். இரண்டாம் மாடியில் போலந்துக்காரர் ஒருவர் மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து கோழி சூப் வைத்துக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனேன், மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். சூப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் அவர் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டார்.

பிர்கித்த கோப்பி ஊற்றினார். "ரெஜினா, சூப் நல்ல சூப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவருக்கு இந்த நாட்டில் சொந்தமாக இருப்பது ஒரு கதவு மட்டும்தான். அதையும் நாம் எடுத்துவிடக் கூடாது."

பிறகு பென்சிலை எடுத்து எழுதினார். மூன்று தரம் தட்டு. காத்திரு. உன் பெயரைச் சொல். மறுபடி தட்டு. பதில் இல்லாவிட்டால், வருகிறோம் என்று ஒரு தாள் எழுதிக் கதவின் கீழால் தள்ளு. இருபத்துநான்கு மணித்தியாலம் கழிந்து இருவராகப் போய்த் திற. அடுத்த கிழமை அது பேனா எழுத்தாகி என் மேசைக்கு மேலே சுவரில் ஏறியது.

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக் கதவை யார் யாரோ தட்டாமல் திறந்திருக்கிறார்கள், தோளில் மாட்டிய துவக்கோடும் திறந்திருக்கிறார்கள். தட்டிவிட்டுக் காத்து நிற்கிற நாட்டில் இருக்கிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

கோமதிநாயகம் சேர் வந்தது ஓர் ஆகஸ்ட் மாதம், கொரோனாவுக்கு முந்திய காலம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பிக்கிறவர், ஐம்பது தாண்டியவர். ஒரு வருட ஆராய்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க தமிழா?"

"ஓம் சேர்."

கையிலிருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அப்பாடா," என்றார். "ரெண்டு நாளா வாய்க்குள்ளயே பூட்டி வச்சிருந்தேன்."

அவருடைய பெயர் தபால்பெட்டிச் சீட்டுக்குள் அடங்கவில்லை. கோமதி என்று மட்டும் போடட்டோ என்று கேட்டேன்.

"அய்யய்யோ, அது பொம்பளப் பேரும்மா. நாயகம்னு போடுங்க. நாயகம் யாருன்னு கேக்கவா போறாங்க?"

யாரும் கேட்கவில்லைதான். பதினான்காம் இலக்க அறைக்கு நாயகம் என்று ஒட்டினேன்.

முதல் ஞாயிறு நான் ஒரு பூட்டுப் பார்க்க விடுதிக்குப் போயிருந்தபோது அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஊருல இன்னைக்கு கர்ஃப்யூ எதுவும் உண்டுமா? ஒரு ஈ காக்கையக் காணோம்?"

"ஊரடங்கு நான் கண்டனான் சேர். இது வெறும் ஞாயிற்றுக்கிழமை."

காலை எட்டு மணிக்கு முன்னரே அவர் புறப்படுவார். என் அலுவலகக் கதவடியில் நின்று, "போயிட்டு வாறேம்மா," என்பார். நான் "ஓம், போட்டு வாங்கோ," என்பேன். அந்த விடுதியில் சொல்லிவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

செப்டெம்பர் முடிவில் ஒருநாள் மாலை, படிவத்தில் ஏதோ கையெழுத்து வைக்க வந்தவர் போகாமல் நின்றார்.

"ரெஜினாம்மா, நேத்து பூரா நான் வாயத் திறந்து சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். கடையில அந்தப் பிள்ளைகிட்ட 'தக்'. நன்றின்னு. டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் நல்லவங்கதான், ஆனா கதவச் சாத்திக்கிடுதாங்க. நீங்களாவது கொஞ்சம் பேசக் கூடாதா?"

"நான் ஏன் சேர் உங்களைப் பேசவேணும்? நீங்கள் ஒரு பிழையும் விடேல்லையே."

அவர் விழித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதுக்குக் கதைக்கிறது என்றுதான் சொல்வோம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. "அப்போ எங்க வீட்டுல என் சம்சாரம் தினமும் உங்க ஊர்த் தமிழ்தாம்மா பேசுதா!"

அதன்பிறகு பின்னேரங்களில் பத்து நிமிடம் வந்து இருப்பார். கணிதத்தைப் பற்றிச் சொல்வார், எனக்கு விளங்காது. மகள்களைப் பற்றிச் சொல்வார், விளங்கும்.

அக்டோபரில் என் வேலையைப் பிரித்துவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி எங்கள் விடுதி. செவ்வாயும் வியாழனும் நகரத்தின் மறுகரையில் புதிதாகக் கட்டிய இன்னொரு விடுதி. பின்னேர வேலையும் அங்கே. பத்து நிமிடங்கள் நின்றுபோயின. காலையில் சொல்லிவிட்டுப் போவது மட்டும் கிழமைக்கு மூன்று நாள் மிஞ்சியது. இருட்டுக் காலமும் தொடங்கியிருந்தது. அவர் மெலிந்துகொண்டு வருவதைக் கண்டேன். "சாப்பிடுறீங்களோ சேர்?" என்று கேட்டேன். "சாப்பிடுதேன், சாப்பிடுதேன்," என்றார்.

நவம்பர் முடிவில் ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை.

ஒன்பது மணிக்கு முற்றத்தில் நின்று யன்னல்களைப் பார்ப்பது என் வழக்கம். யார் காற்று விடுகிறார்கள், யார் பூஞ்சணம் வளர்க்கிறார்கள் என்று. பதினான்கின் யன்னல் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பத்து மணிக்கு மேலே போனேன். மூன்று தரம் தட்டினேன். காத்திருந்தேன். "சேர், நான் ரெஜினா," என்றேன். மறுபடி தட்டினேன்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் ஏதோ மெல்லத் தட்டுப்படுகிற சத்தம், இரண்டு தரம். பிறகு ஒன்றுமில்லை.

ஆள் உள்ளே இருக்கிறார், கதவைத் திறக்க விருப்பமில்லை என்று நினைத்தேன். சில நாட்களில் எனக்கும் அப்படி இருக்கும். வீட்டு மணி அடித்தால் மூச்சுக் காட்டாமல் இருந்துவிடுவேன். அவருக்குச் சொந்தம் அந்தக் கதவு மட்டும்தானே. தாளில் எழுதினேன், தமிழில்: நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறோம் சேர். கீழால் தள்ளினேன். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. படி இறங்கி வந்து பிர்கித்தவுக்குப் போன் பண்ணினேன். "நாளை பத்துக்கு வருகிறேன்," என்றார். சத்தத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

வியாழன் நான் மற்ற விடுதிக்குப் போகாமல் இங்கே வந்தேன். சரியாகப் பத்து மணிக்குப் பிர்கித்த நனைந்த சட்டையோடு வந்து நின்றார். தட்டினோம். பெயர் சொன்னோம். நான்தான் திறந்தேன்.

என் தாள் கதவடியில் கிடந்தது. சேர் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். ஒரு கை மேசைக் காலைப் பிடித்தபடி இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னை அடையாளம் கண்டது.

செவ்வாய் மாலையே விழுந்திருக்கிறார் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்து வந்த பாரிசவாதம்.

அம்புலன்ஸ் போன பிறகு நாங்கள் இருவரும் விறாந்தையில் நின்றோம். "நேற்று எனக்கு ஒரு சத்தம் கேட்டது," என்றேன். பிர்கித்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விதி நான் எழுதியது," என்றார்.

"சத்தம் கேட்டது எனக்கு."

"ஆம்," என்றார். உன்மேல் பிழை இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் சொல்லாததுதான் எனக்கு அன்று உதவியாக இருந்தது. திங்கட்கிழமை வந்து சுவரிலிருந்த தாளைக் கழற்றினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: உள்ளே சத்தம் கேட்டால் உடனே திற. இந்தமுறை பென்சில் எடுக்கவில்லை.

பத்து நாள் கழிந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "அவருக்குச் சத்தம் வருகிறது, ஆனால் ஆங்கிலம் இல்லை. போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தோம், அவருக்கும் விளங்கவில்லை. இது ஒரு மொழிதானா என்று நீங்கள் வந்து சொல்வீர்களா?"

வேலை முடிந்து பஸ் எடுத்துப் போனேன். சேர் தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார். "குடை," என்றார். "குடை... எங்க... குடை?"

மழை பெய்துகொண்டிருந்தது. என் குடையைக் காட்டினேன். தலையைக் கோபமாக ஆட்டினார். தண்ணீரைக் காட்டினேன், போனைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "இல்ல, குடை," என்றார். கடைசியில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்க்கிற விதத்தில் எனக்கு விளங்கியது. அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புப் பைக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் முகம் தளர்ந்தது.

"மொழிதானா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மொழிதான். தமிழ். சொற்கள் இடம் மாறிக் கிடக்கின்றன."

பத்து நாளாக மனிதர் கண்ணாடி கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போனேன். நல்ல மனது என்று அங்கே சொன்னார்கள். நல்ல மனதால் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவருடைய மனைவி வடிவு விசா எடுத்து வந்து சேர்ந்தபோது கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருந்தது. ரயிலடிக்குப் போய்க் கூட்டிவந்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடிய கம்பளித் தொப்பி. முதல் தடவையாக இந்தியாவுக்கு வெளியே வந்திருந்தார். பிர்கித்த அவருக்கு அதே பதினான்காம் அறையைத் தந்தார். கடைகள் எல்லாம் பூட்டப்போகின்றன என்று அரிசி, பருப்பு, மரக்கறி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், விடுதியின் பொதுக் குசினியில் அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸ் பூசை முடிந்து நான் நேரே அங்கே வந்திருந்தேன். மற்ற எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். முப்பத்தெட்டு அறையில் அவர் ஒருவர்தான்.

"விழுந்து கிடந்தத முதல்ல நீங்கதான் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அது பொய்யும் இல்லை.

"விழுந்தது செவ்வாய்க்கிழமை அக்கா. நான் புதன்கிழமை வந்து கதவைத் தட்டினனான். உள்ளுக்கை ஒரு சத்தம் கேட்டது. அவருக்குத் திறக்க விருப்பமில்லை எண்டு நினைச்சு விட்டிட்டுப் போனனான். வியாழக்கிழமைதான் திறந்தது."

அவர் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சாவி இருந்துச்சா உங்ககிட்ட?"

"இருந்தது."

அவர் குழாயைப் பூட்டினார். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "செவ்வாக்கிழமை நான் போன் அடிச்சேன். எடுக்கல. அந்தக் கோவத்துல புதன்கிழமை நான் அடிக்கவே இல்ல. எடுக்காட்டி நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

பிறகு பானையை அடுப்பில் வைத்தார். "உப்பு எங்க இருக்கும்மா?"

எடுத்துக் கொடுத்தேன். அதன்பின் எட்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் இருப்போம். சேர் குடை என்று எதையாவது கேட்பார், இருவரும் ஊகிப்போம், யாருடைய ஊகம் சரியோ அவர் எடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் நான் போனபோது எனக்கும் சேர்த்து ஒரு டப்பாவில் புளிச்சோறு இருந்தது. என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

பெப்ரவரியில் சேரை ஊருக்குக் கொண்டுபோக அனுமதித்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பார், இடது கையால் சாப்பிடுவார், ஐந்தாறு சொல் சேர்த்துச் சொல்வார். கணிதம் என்ன ஆனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. போவதற்கு முதல் நாள் வடிவு கேட்டார்: "உங்க வீடு எங்கம்மா? ரெண்டு மாசமா நீங்க எங்களப் பாக்க வாறீங்க. உங்க வீட்ட நாங்க பாக்கவே இல்லையே."

எத்தனையோ நூறு பேருக்குச் சாவி கொடுத்திருக்கிறேன். ஒருவரைக்கூட என் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

"மூண்டாம் மாடி அக்கா. லிஃப்ட் இல்லை."

"அதனால என்ன? கீழ நின்னு பாக்கோம்."

வந்தார்கள். டாக்ஸிக்காரர் சக்கர நாற்காலியை எங்கள் கட்டடத்தின் முற்றத்தில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். குளிர் காதைக் கடித்தது. நான் மேலேயிருந்து ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு தட்டில் உழுந்து வடையும் கொண்டுவந்தேன். சேர் அண்ணாந்து வரிசை வரிசையாக இருந்த யன்னல்களைப் பார்த்தார்.

"எது... உங்க குடை?"

கையைக் காட்டினேன். "அந்தா, வெள்ளைத் திரை போட்டது." அவர் அதையே பார்த்துக்கொண்டு வடையை மென்றார்.

வடிவு நின்றபடி குடித்தார். நானும் நின்றேன். வீட்டில் கதிரைகள் இருந்தன, இறக்கி வர எனக்குத் தோன்றவில்லை. அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. எனக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிற டெனிஷ்காரர், எழுபது வயதிருக்கும், இரண்டு மடக்குக் கதிரைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். விரித்து வைத்தார். ஒன்றின் இருக்கையில் இருந்த ஈரத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

"நின்றுகொண்டு கோப்பி குடிக்கக் கூடாது," என்றார் என்னிடம், டெனிஷில்.

"இது தேநீர்," என்றேன்.

"தேநீரும் அப்படித்தான்."

ஒரு வடை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சேருக்குத் தலையை அசைத்துவிட்டு மேலே போனார். ஏழு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். "ஹாய்" என்பதைத் தவிர வேறு சொல் எங்களுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை.

வடிவு கதிரையில் இருந்தபடி இரண்டாவது கோப்பை குடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாறோம்," என்று மட்டும் சொன்னார். டாக்ஸி திரும்பும் வரை சேரின் இடது கை கண்ணாடிக்குப் பின்னால் உயர்ந்திருந்தது.

கதிரைகளை மடக்கி இரண்டாம் மாடிக் கதவடியில் சாத்தி வைத்தேன். மணியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை படிக்கட்டில் அவரைக் கண்டேன். "ஹாய்," என்றார். "ஹாய்," என்றேன். இருவரும் கொஞ்சம் நின்றோம். பிறகு அவர் மேலே போனார், நான் கீழே போனேன்.